பொண்ட் இன்லெற்றுக்கு ஏப்ரலில் வரப்போகும் தங்கச்சிக்கு

தங்கச்சி, கனடாவின் வட துருவப் பக்கம், நுனவுட்டில் இருக்கிற இந்த இனுயிற் மக்களின் ஊருக்கு ஆசிரியராக வருமுன் நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். குளிருக்கு என்ன உடுப்பு, சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும், அரிசி கிடைக்குமா, ஏப்ரலில் வந்து ஏழாம் வகுப்பைப் பொறுப்பெடுத்தால் சமாளிக்கலாமா. முதல் மூன்றையும் சுருக்கமாக முடிக்கிறேன். ஏப்ரலிலும் மைனஸ் 20 சாதாரணம், நல்ல பார்க்கா (தலைமூடியோடு வரும் தடித்த குளிர் கோட்டு) வேண்டும். அதைவிட முக்கியம் கறுப்புக் கண்ணாடி. பனியில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைக் கெடுத்துவிடும். சம்பளம் போதும். அரிசி கடையில் இருக்கிறது, மிளகாய்த்தூளை மட்டும் பெட்டியில் கட்டிக்கொண்டு வாருங்கள்.

சரி, வகுப்புக்கு வருவோம். நானும் நடு வருடத்தில் வந்தவள்தான். எனக்கு முன்னிருந்தவர் கிறிஸ்துமஸுக்குத் தெற்கே போய்த் திரும்பவேயில்லை. என் பெட்டிகள் நுனவுட்டின் தலைநகரான இக்காலுயிற்றிலேயே நின்றுவிட்டன. தந்த வீட்டில் தண்ணீர்த் தாங்கி காலி, பனிப்புயலில் பவுசரும் வரவில்லை. முதல் நாளே பிள்ளைகள் கேட்டது, "எப்போது போவீர்கள்?" உங்களிடமும் கேட்பார்கள், கோபிக்க வேண்டாம். எத்தனை ஆசிரியர்களை விமானம் ஏற்றி அனுப்பிய பிள்ளைகள்!

மே தொடக்கத்திலிருந்து ஓகஸ்ட் வரை இங்கே சூரியன் மறையாது. நடுச்சாமத்திலும் பிள்ளைகள் தெருவில் விளையாடுவார்கள். காலையில் வகுப்பில் பாதி மேசை காலி. சிலர் தூக்கம், மற்றவர்கள் ஸ்கிடூ என்கிற பனி மோட்டார் வண்டியின் பின்னால் கமுட்டிக் என்கிற சறுக்குவண்டியைக் கட்டிக் குடும்பத்தோடு முகாமுக்குப் போயிருப்பார்கள். ஏரிப் பனிக்கட்டியில் துளை போட்டு சார் (char) என்கிற மீன் பிடிப்பது, சீல் வேட்டை, ஜூனில் பனிவாத்து முட்டை. தெற்கிலிருந்து வருகிற புது ஆசிரியர்கள் இந்த மாதங்களில்தான் நொந்துபோகிறார்கள். வரவு இடாப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஃபோன் எடுப்பார்கள்.

தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். 1950கள், 60களில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து செஸ்டர்ஃபீல்ட் இன்லெற், சேர்ச்சில் என்று தூர விடுதிகளில் கொண்டுபோய்ப் படிக்க வைத்தார்கள். தாய்மொழி பேசினாலே தண்டனை. 2008ல் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். அன்று போன பிள்ளைகள்தான் இன்றைய தாத்தா பாட்டிகள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் அதட்டல் குரல் வந்தால் அந்த வீட்டில் எப்படிக் கேட்கும்?

பாடத்தைச் சின்னச் சின்னதாக வெட்டுங்கள், இரண்டு நாள் வராதவனும் மூன்றாம் நாள் வந்து ஒட்டிக்கொள்ளலாம். முகாமுக்குப் போய் வர எத்தனை லீற்றர் பெற்றோல் என்று கணக்குக் கொடுங்கள், உங்களைவிட வேகமாகச் செய்வார்கள். அப்புறம், வாய் திறக்கவில்லை என்று ஒருவரையும் மட்டம் தட்டாதீர்கள். புருவம் உயர்ந்தால் ஆம், மூக்குச் சுருங்கினால் இல்லை. அதுதான் பதில்.

எங்கள் தமிழ் ஆட்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வடக்கே வேலைக்கு வந்த சிலரைப் பார்த்திருக்கிறேன். திரைச்சீலையை மூடிக்கொண்டு, ரொறன்ரோ ஸ்காபரோவில் வாங்கிய வீட்டின் கடனைக் கணக்குப் பார்த்துக்கொண்டே வருடங்களை ஓட்டினார்கள். ஆயிரத்தைந்நூறு சொச்சம் பேர் இருக்கிற, வெளியே போக ஒரு ரோட்டுக்கூட இல்லாத ஊரில், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது! நான் உறைந்த சார் மீனைப் பச்சையாகச் சீவி, சோயா சோஸ் தொட்டுச் சாப்பிடுவேன். என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அதே மீனில் நான் வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு பிடிக்கும், உறைப்புக் குறைத்தால்.

பள்ளிக்கூடம் வசந்த முகாம் போட்டால் கட்டாயம் போங்கள், திருத்த வேலை இருக்கிறது என்று நின்றுவிடாதீர்கள். என் முதல் வகுப்பில் ஒரு பையன், வாரக்கணக்கில் புருவத்தோடு மட்டும் பேசியவன். கடல் பனிக்கட்டியில் ஒரு வெடிப்புப் பக்கம் நான் நடக்கப் போக, "ரீச்சர், நில்!" என்று கத்தினான். அன்று முழுவதும் எங்கே கால் வைப்பது, எங்கே வைக்கக் கூடாது என்று எனக்குப் பாடம் நடத்தினான், நான் தூண்டிலைப் பிடித்த விதத்தைப் பார்த்துச் சிரித்தான். இப்போது அவனுடைய மகள் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். மே மாதத்தில் அவளும் வருவதில்லை.