தம்பிக்கு இருப்பது சோம்பேறித்தனம் இல்லை

கேள்வி: தம்பிக்கு 34 வயது. மனச்சிதைவு நோய்க்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் கொலுசுப் பட்டறையில் சொன்ன வேலையைப் பாதியில் மறந்துவிடுகிறான். கடைக்கு அனுப்பினால் வெறுங்கையோடு வருகிறான். அம்மா 'சோம்பேறி' என்று திட்டுகிறார். மாத்திரையால்தான் இப்படியா? நிறுத்திவிடலாமா?
- வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், சகோதரி. அடங்கிய குரல்கள் திரும்ப வந்துவிடலாம்.

அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், தம்பி வேண்டுமென்று செய்யவில்லை. கவனம், ஞாபகம், ஒரு வேலையை வரிசைப்படி முடிப்பது எல்லாம் தடுமாறுவது இந்த நோயோடு சேர்ந்தே வருவது. பலருக்குக் குரல் கேட்பதற்கு முன்பே இது தொடங்கிவிடும். குரலை அடக்கும் மாத்திரை மறதியைப் பெரிதாகச் சரிசெய்வதில்லை. 'அதான் குணமாயிடுச்சே, இன்னும் என்ன?' என்று வீட்டில் கோபப்படுவது இதனால்தான்.

உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. குரலை அடக்கும் மாத்திரையால் வரும் கை நடுக்கத்துக்கும் உடல் விறைப்புக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. ஞாபகத்தை மங்க வைக்கக்கூடிய மருந்து அது. தேவை தீர்ந்த பிறகும் வருடக்கணக்கில் சீட்டில் அப்படியே தொடர்வதைப் பார்க்கிறோம். தம்பியின் சீட்டில் அது இருந்தால், படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு சுரப்பு, வைட்டமின் பி12 குறைந்தாலும் மறதி வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதோ, குடிப்பழக்கமோ இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தூக்கம் வருதா, குரல் கேட்குதா என்ற இரண்டு கேள்வியோடு அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. எனக்கு இதில் மிகுந்த வருத்தம். ஒருவர் மீண்டும் வேலைக்குப் போக முடியுமா என்பதை, குரலைவிட இந்தத் தடுமாற்றமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எனவே நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய், 'ஞாபகமும் கவனமும் சோதிக்க வேண்டும்' என்று சொல்லுங்கள். எண்களைப் பின்னாலிருந்து சொல்வது, கேட்ட வார்த்தைகளைக் கொஞ்ச நேரம் கழித்து நினைவுபடுத்துவது என்று உளவியல் நிபுணர் எதிரே உட்கார்த்திச் செய்யும் சோதனை இது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004இல் நம் நாட்டவருக்கென்றே இப்படி ஒரு சோதனைத் தொகுப்பை வெளியிட்டது. எது பலவீனம், எது நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கேற்ற பயிற்சியைத் தொடங்கலாம். தினமும் நடைப்பயிற்சியும் உதவும்.

பட்டறையில் நாலு வேலையைச் சேர்த்துச் சொல்ல வேண்டாம் என்று முதலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. கடைக்குப் போகும்போது சீட்டு எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். அப்புறம், எங்கே போவது, எப்படிக் கேட்பது என்று குழப்பமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.