ஏரிக்கரைப் புற்றுக்காளானை விற்கலாமா?

கேள்வி: செங்குன்றத்தை அடுத்த கிராமத்தில் இரண்டு குடில் போட்டுப் பால் காளான் வளர்க்கிறேன். ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் ஏரிக்கரையிலும் ஜி.என்.டி. சாலையோரப் புறம்போக்கிலும் புற்றுக்காளான் கூடை கூடையாகக் கிடைக்கிறது. வளர்ப்புக் காளானோடு சேர்த்து அதையும் அண்ணா நகர், கொளத்தூர் குடியிருப்புகளுக்கு அனுப்பினேன். வாடிக்கையாளர் ஒருவர், 'காட்டுக் காளான் மண்ணிலுள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளுமாமே' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். தலைமுறை தலைமுறையாகத் தின்கிறோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. நன்றாக வேகவைத்தால் போதாதா? காளான் படுக்கைமேல் மூடாக்காகப் பரப்பும் கேசிங் மண்ணுக்கும் அதே ஏரி வண்டலைத்தான் எடுக்கிறேன். அதனால் ஏதும் கெடுதல் உண்டா?

பதில்: சாலையோரக் கூடையை விற்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். ஏரிக்கரைக் கூடையைப் பரிசோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். ஆனால் எனக்குக் கவலை தருவது கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் கேட்டிருக்கும் கேசிங் மண் விஷயம்தான். புற்றுக்காளான் வருடத்தில் சில வாரப் பண்டம். பால் காளானை வருடம் முழுவதும் விற்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

முதலில் வாடிக்கையாளர் சொன்னது. அவர் சொன்னது சரி. காளான் என்று நாம் பறிப்பது வெளியே தெரியும் குடை மட்டுமே. உண்மையான உடல் மண்ணுக்குள் நூல் நூலாகப் பரவியிருக்கிறது. அந்த நூல்கள் நீரோடு சேர்த்து உலோகங்களையும் உறிஞ்சும். காட்மியமும் பாதரசமும் காளானுக்குள் எளிதில் ஏறுகின்றன. சுற்றியிருக்கும் மண்ணில் உள்ளதைவிடக் காளானில் அதிகமாகச் சேர்வதும் உண்டு. ஈயம் அவ்வளவு சுலபமாக ஏறாது, ஆனால் மண் தூசியாகக் குடைமேலும் குடைக்கு அடியிலுள்ள செவுள் மடிப்புகளுக்கிடையிலும் ஒட்டிக்கொள்ளும். எந்த இனம் எவ்வளவு இழுக்கும் என்பது இனத்துக்கு இனம் மாறும். குடையின் செவுள் பகுதியில் காம்பைவிட அதிகம் இருப்பதே வழக்கம். நாம் ருசித்துத் தின்பதும் அந்தப் பகுதியைத்தான்.

புற்றுக்காளானின் கதை கொஞ்சம் வேறு. அது முளைப்பது கறையான் தன் கூட்டுக்குள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து. கறையான் சுற்றுவட்டாரத்துச் சருகையும் சுள்ளியையும் இழுத்துவந்து அந்தத் தோட்டத்துக்கு உரமாகப் போடுகிறது. அங்கிருந்து வேர் போன்ற நீண்ட காம்பு மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. ஆகவே கறையான் எங்கே மேய்கிறது என்பதைப் பொறுத்தே உங்கள் காளானின் தரம் அமையும். லாரிகள் ஓயாமல் போகும் சாலையின் ஓரத்துச் சருகு எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகளாகச் சாலையோர மண்ணில் படிந்த ஈயம் மக்கிப் போகும் பொருள் அல்ல. இன்றைக்கு அதோடு டயர், பிரேக் தேய்மானத் தூசியும் சேர்கிறது.

'தலைமுறையாகத் தின்கிறோம்' என்கிறீர்கள். உங்கள் தாத்தா பறித்த காலத்தில் அந்த ஏரிக்கு மேற்பக்கம் என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று ஒருமுறை நடந்து பார்த்து வாருங்கள். பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை, உலோகப் பூச்சுப் பட்டறை, பெயின்ட் டப்பாக்கள் கொட்டிய குப்பைமேடு, நிலக்கரிச் சாம்பல் கொட்டிய பள்ளம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். சென்னையைச் சுற்றி இது புதிய கதையும் அல்ல. குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்ற ஊரே நமக்கு ஒன்று இருக்கிறது.

'ஒன்றும் ஆனதில்லை' என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். விஷக் காளான் பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ காட்டிக்கொடுத்துவிடும். காட்மியம் அப்படியல்ல. சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில், சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியைப் பல்லாண்டுகள் உண்ட பெண்களுக்கு எலும்பு நொறுங்கியது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று அவர்கள் அழுததே நோய்க்குப் பெயரானது. அந்த அரிசியும் பார்க்க நல்ல அரிசியாகத்தான் இருந்திருக்கும்.

வேகவைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. கொதிக்கவைத்த நீரைக் கொட்டினால் ஒரு பகுதி போகலாம், அதை நம்பி விற்க முடியாது. ஓடும் நீரில் கழுவி, அடிக்காம்பை வெட்டியெறிந்தால் மேலே ஒட்டிய மண் போகும். உள்ளே ஏறியது அப்படியே இருக்கும். மஞ்சள், வெள்ளிக் கரண்டிச் சோதனைகள் விஷக் காளானைக் கண்டுபிடிக்கவே உதவாதவை. உலோகத்துக்கு எங்கே உதவப்போகின்றன?

எண்களில் சொன்னால்தான் உங்களுக்குப் பிடிபடும். ஒரு மாதத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் வரை காட்மியம் உட்கொள்ளலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் இணைந்து அமைத்த வல்லுநர் குழு 2010இல் வகுத்த அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.5 மில்லிகிராம். ஐரோப்பாவில் காட்டுக் காளானுக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். அந்த வரம்பில் நிற்கும் காளானை மாதம் ஒரு கிலோ தின்றால் மொத்த ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். சோறும் கீரையும் தங்கள் பங்கைக் கொண்டுவரும். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அதே ஒரு கிலோ மாதக் கணக்கு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஈயத்துக்கோ, பாதுகாப்பான அளவு என்று சொல்ல எந்த எண்ணும் இல்லை.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். பச்சைக் காளானில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் இருந்தால், உலர்ந்த எடைக் கணக்கில் அதுவே ஏறத்தாழ 4 ஆகிவிடும். ஆய்வுக்கூட அறிக்கை எந்த எடையில் சொல்கிறது என்று கேட்டு எழுதி வாங்காவிட்டால் நல்ல காளானைக் குப்பையில் கொட்டுவீர்கள், அல்லது கெட்டதை விற்பீர்கள். மிஞ்சியதை உலர்த்தி விற்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது கேசிங் மண். ஏரி வண்டல் என்பது சுற்றுப்புறத்து மழைநீர் கழுவிக் கொண்டுவந்த நுண்மண். உலோகங்கள் மணலைவிட இந்த நுண்களியில்தான் ஒட்டிக்கொள்ளும். அதை நீங்கள் ஆவியில் வேகவைத்து, சுண்ணாம்புத் தூள் கலந்து, படுக்கைமேல் பரப்புகிறீர்கள்; காளான் மொட்டு அதற்குள்ளிருந்துதான் எழுகிறது. ஆவி பிடித்தது நோய்க்கிருமிக்கு மருந்து, அவ்வளவே. சாலை, சாக்கடை, பட்டறை எதையும் ஒட்டாத மேட்டு நிலத்து மண்ணாகத் தேடி, பொன்னேரிப் பக்கத்து உறவினர் யாராவது இருந்தால் அவர்கள் நிலத்திலிருந்து நாலு மூட்டை கொண்டுவாருங்கள். வைக்கோலையும் கழிவுநீர் பாயும் வயலில் வாங்காதீர்கள். ஊறவைக்கும் கிணற்று நீரையும் ஒருமுறை சோதியுங்கள்.

பரிசோதனைக்கு ஒரே புற்றில் எழுந்த காளானாகப் பத்துப் பதினைந்து எடுங்கள். புற்றை உடைக்காமல் பறித்தால் அடுத்த மழைக்கும் பெரும்பாலும் அங்கேயே முளைக்கும் என்பதால், ஒரு புற்றுக்குச் செய்த சோதனை வீணாகாது. வீட்டில் சமைப்பதுபோல் கழுவி, துருப்பிடிக்காத கத்தியால் அடியை வெட்டி, சுத்தமான பாலித்தீன் பையில் பனிக்கட்டியோடு பச்சையாகவே கொடுங்கள். அடுப்பில் உலர்த்தினால் பாதரசத்தில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடலாம். கேசிங் மண் குவியலில் ஐந்து இடத்தில் எடுத்துக் கலந்த அரைக் கிலோவும் தனியே கொடுங்கள். அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வுக்கூடத்தில் ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் நான்கையும் கேளுங்கள். மாதிரி எடுப்பதில் சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்டத்துத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள்.

வரம்புக்கு மேல் வந்தால் அந்தக் காளானையும் படுக்கைக் கழிவையும் எருக்குழியில் போட்டுவிடாதீர்கள். உலோகம் அங்கிருந்து கத்தரிக்கும் கீரைக்கும் நகரும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். திருப்பி அனுப்பிய அந்த வாடிக்கையாளருக்கு, புது மண்ணில் வளர்த்த பால் காளானின் அறிக்கை வந்ததும் ஒரு நகல் அனுப்பிவையுங்கள்.