ஸ்டிக்கர் உரிந்த பழைய ஜப்பான் சைக்கிள் ஃபிரேமைச் செய்தது யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஸ்டிக்கர் இருந்திருந்தாலும் பாதி விடைதான் கிடைத்திருக்கும். 1970, 80களில் அமெரிக்காவில் விற்ற ஜப்பான் சைக்கிள்கள் பலவற்றில் பெயர் ஒருவருடையது, தொழிற்சாலை இன்னொருவருடையது. யூனிவேகா, செஞ்சூரியன் இரண்டும் கலிஃபோர்னியா இறக்குமதியாளர்கள் வைத்த பெயர்கள். யூனிவேகாவில் நிறைய, ஜப்பானின் மியாட்டா தொழிற்சாலை செய்தவை. அமெரிக்கக் கம்பெனியான ஷ்வின்கூடச் சில மாடல்களைப் பானசோனிக்கிடம் செய்து வாங்கியது.

அதனால் சீரியல் நம்பரில் தொடங்குங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினால், பெரும்பாலும் பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் அச்சு சுழலும் குழாய்) அடியில் இருக்கும். மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் போதும். கம்பி பிரஷ், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். ஆழமில்லாத எழுத்து பெயின்டோடு போய்விடும். படிக்க முடியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள், அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். பூஜ்யமும் 'ஓ'வும், 1-உம் 'ஐ'யும் குழப்பும்.

மியாட்டா நம்பரில் முதல் எழுத்தே வருடம்: 'ஏ' 1972, 'கே' 1982, 'எம்' 1984. மியாட்டா செய்த யூனிவேகாவிலும் இதே முறைதான். ஆனால் எழுத்தில் தொடங்கும் நம்பர் எல்லாம் மியாட்டா ஆகிவிடாது. கவாமுரா தொழிற்சாலை செய்த நிஷிகி பிராண்ட் ஃபிரேம்களில் முதலில் வரும் 'கே' அந்தத் தொழிற்சாலையின் அடையாளம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

சரிபார்க்கப் பாகங்களைப் பாருங்கள். ஷிமானோ கிராங்கின் (பெடலைத் தாங்கும் கை) உட்பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும்: முதலாவது வருடம் ('ஏ' 1976), அடுத்தது மாதம் ('ஏ' ஜனவரி). 'எஃப்கே' என்றால் 1981 நவம்பர். மியாட்டா 'கே' ஃபிரேமோடு இது பொருந்தும், ஏனென்றால் பாகங்கள் ஃபிரேமைவிடச் சில மாதம் முந்தியே தயாராகியிருக்கும். சன்டூர் என்ற இன்னொரு கம்பெனியின் பாகங்களிலும் இரண்டு எழுத்துதான், ஆனால் அங்கே 'இசட்' 1983, மறுபடி 'ஏ' 1984. ஒரே பாகத்தை நம்பாதீர்கள், மாற்றிப் போட்டிருக்கலாம். கிராங்க், பிரேக், டீரெய்லர் (செயினைக் கியர் மாற்றும் பாகம்) மூன்றும் ஒரே காலத்தைக் காட்டினால்தான் அது சாட்சி.

டாங்கே, இஷிவாட்டா என்று ஸ்டிக்கரிலோ ஃபோர்க் தண்டிலோ பார்த்தால், அது குழாய் செய்த கம்பெனி. ஃபிரேமைப் பற்றவைத்தவர் வேறு. டிராப்அவுட்டில் (சக்கர அச்சு பொருந்தும் இடம்) 'சன்டூர்' என்று அடித்திருப்பதும் அப்படித்தான். பாட்டம் பிராக்கெட்டில் 'என்ஜேஎஸ்' முத்திரை இருந்தால் அது கெய்ரின் என்ற ஜப்பான் சைக்கிள் பந்தயத்துக்கு ஒப்புதல் பெற்ற டிராக் ஃபிரேம். அதுவும் செய்தவரின் பெயர் அல்ல. நாகசாவா, கலவிங்கா போன்ற பலருடைய ஃபிரேம்களிலும் அதே முத்திரைதான் இருக்கும்.