சின்னத்திரைக்குத் தணிக்கை தேவையா?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் சீரியல்கள் இரவு பத்து வரை நீள்கின்றன. அம்மாவும் மனைவியும் ஒன்றைக்கூட விடுவதில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு திரையைத்தான் பார்க்கிறாள். சாப்பாட்டில் விஷம் வைப்பதும், மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் கறுவிக்கொண்டு திரிவதுமே கதை. நம் குடும்பங்கள் குலைந்ததற்கு இவையே காரணம் என்று நினைக்கிறேன். திரைப்படங்களுக்கு இருப்பதுபோல் தொடர்களுக்கும் முன்தணிக்கை வர வேண்டும். அதுவரை கேபிளைத் துண்டித்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நீங்கள் காட்டும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தொலைக்காட்சி ஒரு சமூகத்தை மாற்றும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. எதைக் கொண்டு மாற்றுகிறது என்பதில்தான் வேறுபடுகிறேன். விஷம் வைப்பவளைக் கதையில் வருபவளாகத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எது ஊரில் நடப்பதுதான் என்பதுபோல, எவர் வாயாலும் சொல்லப்படாமல் காட்சிக்குள் இருந்துகொண்டே இருக்கிறதோ, அதுவே மனத்தில் தங்குகிறது.

1984 ஜூலையில் தூர்தர்ஷன் தொடங்கிய ‘ஹம் லோக்’ இதற்கு நல்ல சான்று. குடும்பக் கட்டுப்பாட்டைப் பரப்புவதற்காக மெக்சிகோவில் மிகெல் சபிதோ எடுத்த தொடர்களை முன்மாதிரியாகக் கொண்டு உருவான தொடர் அது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்றைய கதையிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதை எடுத்துச் சொல்வார். அதில் பாகவந்தி என்றொரு தாய் வருகிறாள். குடிகாரக் கணவனின் ஏச்சையும் மாமியாரின் கடுஞ்சொல்லையும் வாய் திறவாமல் பொறுத்துக்கொள்பவள். ஒரு பெண் இப்படி இருக்கலாகாது என்று காட்டுவதற்காகவே படைக்கப்பட்ட பாத்திரம். பின்னாளில் தகவல் தொடர்பியல் ஆய்வாளர்களான அரவிந்த் சிங்காலும் எவரெட் ரோஜர்சும் ஆராய்ந்தபோது, பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் அவளையே பின்பற்றத் தக்கவளாக எடுத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. அசோக் குமார் அத்தனை முறை எடுத்துச் சொல்லியும், பாகவந்தியின் பொறுமையே வென்றது.

பிரேசிலில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1960இல் அங்கு ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல். 2000இல் அது 2.3 ஆகக் குறைந்தது. அரசு பெரிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் எதையும் நடத்தாத நாடு அது. எலியானா லா ஃபெராராவும் உடன் ஆய்வாளர்களும் 1965 முதல் 1999 வரை குளோபோ தொலைக்காட்சியில் வந்த தொடர்களை எடுத்து ஆராய்ந்தார்கள். முதன்மைப் பெண் பாத்திரங்களில், ஐம்பது வயதைத் தாண்டாதவர்களுள் 72 விழுக்காட்டினருக்குக் குழந்தையே இல்லை. 21 விழுக்காட்டினருக்கு ஒரே குழந்தை. குளோபோவின் ஒளிபரப்பு எட்டிய ஊர்களில் பிறப்பு குறைந்தது. ஏழைப் பெண்களிடம் கூடுதலாகக் குறைந்தது. அளவான குடும்பத்தின் அருமையை அவர்களுக்கு யாரும் உபதேசிக்கவில்லை. சிறிய குடும்பத்தோடு வாழும் பெண்களை அவர்கள் இரவுதோறும் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வருவோம். பொருளியல் ஆய்வாளர்களான ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் பீகார், கோவா, அரியானா, தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் 180 கிராமங்களில் 2001 முதல் 2003 வரை எடுக்கப்பட்ட தகவல்களைக் கொண்டு, கேபிள் வந்தபின் என்ன மாறியது என்று பார்த்தார்கள். மனைவியைக் கணவன் அடிப்பது சரியே என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற விருப்பம் தணிந்திருந்தது. சந்தைக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுமதி கேட்காமல் போவதாகச் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். சொல்லும் பதில் மாறியதால் நடப்பும் அதே அளவில் மாறிவிட்டது என்று கொள்ள முடியாது. அந்த எச்சரிக்கையோடுதான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ‘சித்தி’ 1999 முதல் 2001 வரை ஓடியது. வடக்கே மாமியார் மருமகள் தொடர்கள் கொடிகட்டிப் பறந்ததும் அதே ஆண்டுகளில்தான். நீங்கள் குடும்பத்தைக் கெடுத்தவை என்று சொல்லும் தொடர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள்தான் இந்தப் பதில்களைச் சொன்னார்கள். கதை மாமியாரைப் பற்றியதாக இருக்கலாம். அவர்கள் கண்ணில் பட்டது தனியாக வெளியே போய் வருகிற, கையில் பணம் வைத்திருக்கிற, எதிர்த்துப் பேசுகிற பெண்.

இதனால் இன்றைய தொடர்களை நான் மெச்சுகிறேன் என்று எண்ண வேண்டாம். ஒரு காட்சியைச் சொல்கிறேன். நடுக்கூடத்தில் மாமியார் மருமகளை அறைகிறார். அந்த அறை மூன்று கோணங்களில் மூன்று முறை காட்டப்படுகிறது. பிறகு மாமனார், கணவன், கொழுந்தன், நாத்தனார் என்று சுற்றி நிற்கும் ஒவ்வொருவர் முகத்திற்கும் கேமரா போய்த் திரும்புகிறது. எவரும் ஓர் அடி எடுத்துவைப்பதில்லை. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போகிறாள்; மறுநாள் அதே மாமியாருக்குக் காபி கொண்டுவருகிறாள். ஓங்கிய கையைவிட அந்தக் கொழுந்தனும் நாத்தனாரும் நின்ற நிலை என்னை வதைக்கிறது. பாகவந்தி நாற்பது ஆண்டுகள் கழித்துப் பட்டுப்புடவையில் வந்திருக்கிறாள். இம்முறை அவளே கதையின் நாயகி. உங்கள் மகளின் பொருட்டு நான் அஞ்சுவது இதற்குத்தான்.

தணிக்கை இதைத் தொடாது. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் கீழ் நிகழ்ச்சிகளுக்கான விதிமுறைகள் இப்போதும் இருக்கின்றன. ஒளிபரப்பானபின் முறையிடவும் வழி உண்டு. முன்தணிக்கை வந்தால் விஷக் கிண்ணத்தை வெட்டுவார்கள். காபி டம்ளரை எந்த விதியின் கீழ் வெட்டுவார்கள்? போதாததற்கு, வியாழக்கிழமைதோறும் வரும் டி.ஆர்.பி. புள்ளிகளைப் பார்த்துத்தான் அடுத்தடுத்த வாரங்களின் கதை நகர்கிறது. அழுகை புள்ளியை ஏற்றினால் அழுகை நீளும். விளம்பரக் கட்டணம் அந்தப் புள்ளியைச் சார்ந்திருக்கும்வரை, அரசு அதிகாரி ஒருவர் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை.

கேபிளைத் துண்டிக்கும் முடிவைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது அந்த வரியில்தான் நின்றேன். அம்மாவிடமோ மனைவியிடமோ கேட்டதாக அதில் எங்கும் இல்லை. பகலெல்லாம் வேலை பார்த்தவர்களுக்கு அந்த மூன்று மணி நேரம் உட்காரக் கிடைத்த நேரமாக இருக்கலாம். மகளுக்குப் படிக்க அமைதி வேண்டும் என்பது மறுக்க முடியாத தேவை. அதை அவர்களிடம் சொல்லுங்கள். எந்தத் தொடரை விடுவது, தேர்வு முடியும்வரை எத்தனை மணிக்கு அணைப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். அதற்குமுன் ஒரு வாரம் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்த மருமகள் ஏன் பேசாமல் போகிறாள் என்று மகளிடம் கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை எனக்கு எழுதினால் மகிழ்வேன்.

அன்புடன்.