கான்கிரீட்டுக்குள் கம்பி ஏன் துருப்பிடிப்பதில்லை? கேள்வி பதில்

பெருந்துறை வாசகர்: பழைய தூணை இடித்தபோது உள்ளே கம்பி புதிதுபோல் இருந்தது. வெளியே கிடக்கும் கம்பியோ ஒரே மழையில் துருவேறுகிறது. எப்படி ஐயா?

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு உண்டாகிறது. அதனால் கான்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கும் நீர் கடுங்காரம் (அமிலத்துக்கு எதிர்); அதை அளக்கும் பிஎச் எண் 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் படிகிறது. காற்றும் ஈரமும் உள்ளே வந்தாலும் அந்தப் படலம் துருவைத் தடுத்துவிடும்.

காங்கேயம் வாசகி: ஒழுகாத வீடுதான். ஆனாலும் தளத்தின் அடியில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. மறுபடி பூசினால் போதுமா?

போதாது அம்மா. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல ஊடுருவிச் சுண்ணாம்பைத் தின்கிறது. பிஎச் 9-க்குக் கீழே இறங்கினால் படலம் போய்விடும். துருவுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் வேண்டும்; அதுதான் பூச்சைத் தள்ளுகிறது.

தாராபுரத்தில் இப்படியொரு தளத்தில் துண்டு உடைத்து, காரம் பட்டால் சிவக்கும் பினாப்தலின் கரைசலைத் தெளித்துப் பார்த்தேன். நடுப்பகுதி அரளிப்பூப்போல் சிவந்தது. விளிம்பில் விரல் அகலத்துக்கு நிறமே மாறவில்லை. கம்பி அந்த விளிம்பில்தான் கிடந்தது. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் வைக்காமல் சென்ட்ரிங் பலகைமேலேயே கம்பியைப் போட்டிருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தளர்ந்ததையெல்லாம் தட்டி எடுத்து, கம்பியின் பின்புறம்வரை கொத்தி, துருவைச் சுரண்டிய பிறகே பழுதுக் கலவை பூச வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பொறியாளர் பார்க்காமல் தொடாதீர்கள்.

திருப்பூர் வாசகர்: எங்கள் போர் தண்ணீர் உப்பு. கலவைக்கு ஊற்றலாமா?

முதலில் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. காரம் குறையாமலே படலத்தை உடைத்து, கம்பியைக் குழிகுழியாக அரிப்பது குளோரைடுதான். நொய்யல் ஓரத்தில் சாயநீர் இறங்கிய நிலமென்றால் சோதிக்காமல் ஒரு குடம்கூட ஊற்றாதீர்கள். அளவு மீறினால் லாரியில் நல்ல தண்ணீர் வாங்குங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: இறக்கிய கம்பியில் லேசான துரு. திருப்பி அனுப்பவா?

வேண்டாம். செதிலாக உரிந்தால் மட்டும் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லுங்கள்.

கோபி வாசகர்: கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், எவ்வளவு விட வேண்டும்?

சாதாரண வீட்டில் தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. ஜல்லியை முட்டுக் கொடுத்தால் கான்கிரீட் கொட்டும்போது நழுவிவிடும். கவர் பிளாக்தான் வேண்டும். பிபிசி (சாம்பல் போன்ற பொசலானா கலந்த) சிமெண்ட் என்றால் 10 நாளாவது ஈரம் காயவிடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக்காற்று மேல்பரப்பை மதியத்துக்குள் உலர்த்திவிடும். தளத்தில் பாத்தி கட்டுங்கள், தூணுக்கு ஈரச் சாக்குச் சுற்றுங்கள்.