கோஹா நூலக மென்பொருள் தேடலில் தமிழ்ப் புத்தகம் வரவில்லை: எத்தனை மாணவர்களை வைத்துச் சோதிப்பது?

ஐந்து பேர் போதும். அலமாரியில் இருக்கும் தமிழ்ப் புத்தகம்கூடத் தேடலில் கிடைப்பதில்லை, நூறு பேருக்குக் கருத்துப் படிவம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 'நன்று' என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆளுக்கு மூன்று புத்தகம் தேடச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். என்ன தட்டச்சு செய்கிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்று எழுத்துப் பிழையோடு அப்படியே குறியுங்கள். நடுவில் உதவக் கூடாது. நூலகர்களுக்கு இதுதான் கஷ்டம், கை தானாக மவுஸ் பக்கம் போகும்!

என் ஊகம்: பழைய பதிவுகளில் தலைப்பு ரோமன் எழுத்தில் இருக்கும், மாணவர்கள் தமிழில் அடிக்கிறார்கள். அப்படியானால் மார்க் (MARC, நூல் விவரங்களைப் பதியும் வடிவம்) பதிவில் மாற்றுத் தலைப்புக்கான 246-ஆம் புலத்தில் தமிழ்த் தலைப்பையும் சேருங்கள்.

முதலில் இதைப் பாருங்கள். தமிழில் பதிவான ஒரு தலைப்பை அப்படியே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். வந்தால், சிக்கல் எழுத்துக்கூட்டலிலோ பதிவிலோதான். வராவிட்டால் கோஹா தேடப் பயன்படுத்தும் ஸீப்ரா (Zebra) அட்டவணையைச் சந்தேகப்படலாம். தமிழுக்கு அது ஐசியூ (ICU, பல மொழி எழுத்துகளைக் கையாளும்) முறையில் இருக்க வேண்டும். மாற்றினால் முழு மறு அட்டவணையும் ஓட்ட வேண்டும், விடுமுறை நாளில் செய்யுங்கள்.

ஒன்று மட்டும்: ஐந்து பேரை வைத்துப் பெரிய தடங்கல்களைத்தான் பிடிக்க முடியும். '80 சதவீதம் பேர் தவறினர்' என்று கல்லூரி முதல்வருக்கு அறிக்கை எழுதிவிடாதீர்கள். அப்புறம், ஆய்வு மாணவர்கள் தேடும் விதம் வேறு, அவர்களைத் தனியாகச் சோதியுங்கள்.