புயல் எச்சரிக்கையை மணிக்கு மணி மாற்றினால் எப்படி நம்புவது?

"காலையில் ஆரஞ்சு, மாலையில் ரெட், ராத்திரி திசை மாறிவிட்டது என்கிறார்கள். இதற்குச் சும்மா இருக்கலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஓர் எச்சரிக்கையை நம்பி மூட்டை கட்டிக் கிளம்பி, கடைசியில் தூறல்கூட விழாமல் திரும்பி வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தச் "சும்மா இருக்கலாமே" என்னைச் சுட்டுவிட்டது.

பேரிடர் கட்டுப்பாட்டு அறை ஒன்றில் மக்களுக்கான அறிவிப்புகளை எழுதும் வேலை பார்த்தவன் நான். ஒரு புயலின்போது, கரையோரத்தில் பலத்த காற்று வீசும் என்று காலையில் அறிவித்திருந்தோம். பிற்பகலில் வந்த கணிப்பில் காற்று குறைந்திருந்தது, புயலின் நகர்வும் மந்தமாகியிருந்தது. புயல் மெதுவாக நகர்ந்தால் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் மழை கொட்டும். ஆக, ஆபத்து கடற்கரையை விட்டு ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. நான் எழுதிக் கொடுத்தது இது: "காலையில் சொன்னது மாறியிருக்கிறது. காற்று குறையும், வெள்ளம் கூடும். ஆற்றோரம் இருப்பவர்கள் இருட்டுவதற்குள் மேட்டுப் பகுதிக்குப் போய்விடுங்கள். அடுத்த அறிவிப்பு மாலை 6 மணிக்கு."

முதல் வரியை நீக்கச் சொன்னார் மேலதிகாரி. "காலையில ஒண்ணு, இப்ப ஒண்ணா? ஜனங்க சிரிப்பாங்க."

"சார், அந்த வரி இல்லன்னா காலையில படிச்சவங்க இதைப் படிக்கவே மாட்டாங்க" என்று நான் விடாமல் நின்றேன். கடைசியில் எழுதியபடியே போனது. அப்புறம் போனில் ஓர் அம்மா, "காத்து குறையும்னு நீங்கதானே போட்டிருக்கீங்க, நான் ஏன் கிளம்பணும்?" என்று சண்டைக்கே வந்தார். காரணத்தை விளக்கியதும், "சரிப்பா, மாமியாரைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புறேன்" என்று வைத்துவிட்டார்.

அதிகாரிகளைத் திட்டுகிறேன் என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள். மாற்றிச் சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று என் மேலதிகாரிக்கு இருந்த பயம் உலகம் முழுக்க இருக்கிறது. ஆனால் புதிய எச்சரிக்கை மக்களிடம் தாமதமாகப் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியாவில் வானிலைத் துறை காலையிலேயே ரெட் அலர்ட் கொடுத்துவிட்டது. மக்களின் கைபேசிகளுக்கு அவசரச் செய்தி போனதோ இரவு 8 மணிக்கு மேல்தான். அதற்குள் பல இடங்களில் வெள்ளம் புகுந்துவிட்டது, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023இல் மெக்சிகோவின் அகாபுல்கோவைத் தாக்கிய ஓடிஸ் புயல் ஒரே நாளில், புயல்களிலேயே மிக வலுவான 5ஆம் வகைக்கு வலுத்தது. அப்படிப்பட்ட நாளில் நேற்றைய கணிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

எல்லா மாற்றத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. காரணம் சொல்லாமல் நிறத்தை மட்டும் மாற்றுவது தவறு. புயல் பாதைப் படத்தில் வரும் கூம்பையும் சரியாக விளக்குவதில்லை. புயலின் மையம் எங்கே போகலாம் என்பதைத்தான் அது காட்டுகிறது, மழையும் காற்றும் கூம்புக்கு வெளியிலும் அடிக்கும். அமெரிக்காவின் தேசியப் புயல் கணிப்பு மையம் வெளியிடும் கூம்பிலேயே, புயலின் மையம் அதற்குள் இருக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்குதான்.

   

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. எச்சரிக்கையில் நிறத்துக்கு முன்னால் வெளியிட்ட நேரத்தைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்த நேரத்தை வெட்டிவிடாதீர்கள். அன்று நாங்கள் வெள்ளம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, காலை அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.